ஸ்லீப்பிங் பியூட்டி (1959 திரைப்படம்)

ஸ்லீப்பிங் பியூட்டி என்பது வால்ட் டிஸ்னி நிறுவனம் தயாரித்து 1959 ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க அசைவூட்டத் திரைப்படம் ஆகும். "உறங்கும் அழகி" என்ற ஐரோப்பிய தேவதைக் கதையைத் தழுவியது. சுமார் 60 இலட்சம் டாலர் செலவில் உருவான இப்படம், அந்நிறுவனம் அதுவரை எடுத்த அசைவூட்டப் படங்களிலேயே மிகவும் செலவு மிக்கதாக இருந்தது. முதல் வெளியீட்டில் போட்ட பணத்தை ஈட்டாததால் தோல்விப் படமாகக் கருதப்பட்டது. இதன் விளைவாக டிஸ்னி அசைவூட்டப் பிரிவில் பலர் வேலை இழந்தனர். படம் வரையும் முறையே மாறியது. பின்னர் மறுவெளியீடுகள் வழியாகவும் வீட்டு ஒளிநாடா வழியாகவும் புதிய பார்வையாளர்களைப் பெற்று, இன்று அசைவூட்டக் கலையின் முக்கியப் படைப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. 2019 ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

கதையின் மூலம்

உறங்கும் இளவரசியின் கதை ஐரோப்பாவில் பல வடிவங்களில் வழங்கி வந்தது. இத்தாலியரான ஜாம்பத்திஸ்தா பசீலேயின் தொகுப்பில் 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதன் ஒரு வடிவம் உள்ளது. பிரெஞ்சு எழுத்தாளர் சார்லசு பெரோ 1697 இல் வெளியிட்ட வடிவமும், 19 ஆம் நூற்றாண்டில் செருமனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த வடிவமும் பரவலாக அறியப்பட்டவை. உருசிய இசையமைப்பாளர் சைக்கோவ்சுக்கி இக்கதைக்கு இசையமைத்த பாலே நாட்டியம் 1890 இல் சென் பீட்டர்சுபர்க்கின் மாரீன்சுக்கி அரங்கில் அரங்கேறியது. அதன் நாட்டிய அமைப்பு மாரியுசு பெத்திப்பாவினுடையது.

டிஸ்னியின் படம் இம்மூன்றிலிருந்தும் கூறுகளை எடுத்துக்கொண்டது. பெரோவின் கதையில் இளவரசிக்குப் பெயர் இல்லை. "அரோரா" என்பது அவளுடைய மகளின் பெயர். பாலே நாட்டியமே அப்பெயரை இளவரசிக்குச் சூட்டியது. படமும் அதைப் பின்பற்றியது. காட்டில் மறைந்து வளரும்போது அவளுக்கு வழங்கும் "பிரையர் ரோசு" என்ற பெயர் கிரிம் சகோதரர்களின் வடிவத்திலிருந்து வந்தது.

மூலக்கதையில் இளவரசி நூறு ஆண்டுகள் உறங்குகிறாள். அவளை எழுப்பும் இளவரசன் அவளுக்கு முற்றிலும் அந்நியன். படத்தில் இருவரும் முன்பே காட்டில் சந்தித்துக் காதல் கொள்கின்றனர். நூறு ஆண்டு உறக்கம் மிகக் குறுகிய நேரமாகச் சுருக்கப்பட்டது. மலேஃபிசென்ட் என்ற தீய தேவதை இளவரசன் பிலிப்பைச் சிறைப்பிடித்து, நூறு ஆண்டு கழித்துக் கிழவனாகவே வெளியே விடப்போவதாக ஏளனம் செய்யும் காட்சியில் மட்டும் அந்த நூறு ஆண்டு மிஞ்சியது. பெரோவின் கதையில் வாழ்த்த வரும் பல தேவதைகள் படத்தில் ஃபுளோரா, ஃபானா, மெரிவெதர் என மூவராயினர். கதையை நகர்த்துபவர்கள் பெரும்பாலும் இம்மூவரே. 75 நிமிடப் படத்தில் இளவரசி தோன்றும் நேரம் மிகக் குறைவு.

நீண்ட தயாரிப்பு

1950 இல் வெளிவந்த சின்ட்ரெல்லா, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பணநெருக்கடியில் இருந்த டிஸ்னி நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. அதையடுத்து மற்றொரு இளவரசிக் கதையை எடுக்க வால்ட் டிஸ்னி விரும்பினார். 1951 இல் கதை வேலைகள் தொடங்கின. 1952 அளவில் குரல் நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் பணி நடந்தது. ஆனால் படம் திரைக்கு வர 1959 வரை ஆனது.

இத்தாமதத்திற்குப் பல காரணங்கள் உண்டு. வால்ட் டிஸ்னியின் கவனம் அப்போது கலிபோர்னியாவின் அனகைமில் கட்டப்பட்ட டிஸ்னிலாந்துப் பூங்காவின் மீதும், அதற்கான பணத்தைத் தேடித் தந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் மீதும் இருந்தது. கதைக்கூட்டங்களுக்கு அவர் வரும் நேரம் குறைந்தது. அவர் ஒப்புதல் இன்றி எதுவும் நகராத நிறுவனத்தில் இது பெரும் தடையாயிற்று. படத்தின் முதல் இயக்குநரான வில்பிரெட் சாக்சன் 1953 இல் மாரடைப்புக்கு உள்ளானார். பிறகு எரிக் லார்சனும், கிளைட் செரோனிமியும் பொறுப்பேற்றனர். காட்டில் இளவரசியும் இளவரசனும் சந்திக்கும் ஒரு பகுதியை முடிக்கவே லார்சனின் குழுவிற்கு மிக நீண்ட காலம் பிடித்தது. அப்பகுதியின் செலவும் திட்டமிட்டதைத் தாண்டியது. கடைசியில் செரோனிமி முதன்மை இயக்குநராக இருக்க, லார்சன், வுல்ப்கேங் ரெய்தர்மேன், லெசு கிளார்க் ஆகியோர் பகுதிகளை இயக்கினர்.

இதில் ஒரு வினோதமும் நேர்ந்தது. 1955 சூலையில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தின் நடுவில் நின்ற கோட்டைக்கு "உறங்கும் அழகியின் கோட்டை" என்று பெயர் வைக்கப்பட்டிருந்தது. படமோ அதற்கு மூன்றரை ஆண்டுகள் கழித்தே வந்தது. 1957 இல் கோட்டைக்குள் கதையைக் காட்டும் சிறு காட்சிப் பெட்டிகளும் அமைக்கப்பட்டன. மக்கள் படத்தைப் பார்க்கும் முன்பே அதன் கோட்டைக்குள் நடந்து சென்றனர்.

ஓவிய நடை

இப்படத்தைப் பிற டிஸ்னி படங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் ஓவிய நடையே. அசையும் ஓவியம் போல் படம் இருக்க வேண்டும் என்பது வால்ட் டிஸ்னியின் எண்ணம். நியூயார்க்கின் குளோயிசுட்டர்சு அருங்காட்சியகத்தில் உள்ள ஒற்றைக்கொம்புக் குதிரைத் திரைச்சீலைகளைக் கண்ட சான் கெஞ்ச் என்ற கலைஞர், அந்த இடைக்கால நடையைப் படத்திற்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தை முன்வைத்தார். அதை முழுமையாக வளர்த்தெடுத்தவர் எய்விண்ட் எர்ல் (1916–2000).

எர்ல் 1951 இல் டிஸ்னியில் பின்னணி ஓவியராகச் சேர்ந்தவர். பெரி பிரபுவின் வழிபாட்டு நூலில் உள்ள 15 ஆம் நூற்றாண்டுச் சிற்றோவியங்கள் உட்பட ஐரோப்பிய இடைக்கால, மறுமலர்ச்சிக் கால ஓவியங்களை அவர் ஆழ்ந்து கற்றார். நேர்க்கோடுகளாக எழும் மரங்கள், சதுரமாக வெட்டிய புதர்கள், தொலைவில் இருந்தாலும் தெளிவு குன்றாத இலைகள் என அவர் வரைந்த காடு அதுவரை வந்த டிஸ்னி காடுகளைப் போல் மென்மையாக இல்லை. சாதாரணமாக ஒரு பின்னணி ஓவியத்தை ஒரு நாளில் முடிப்பார்கள். எர்லின் ஓவியங்கள் சிலவற்றுக்கு ஒரு வாரத்திற்கும் மேல் தேவைப்பட்டது.

படத்தின் தோற்றம் முழுவதையும் தீர்மானிக்கும் அதிகாரத்தை வால்ட் டிஸ்னி எர்லிடம் கொடுத்தார். இது நிறுவனத்துக்குள் மனக்கசப்பை உண்டாக்கியது. அதுவரை பாத்திரங்களை வரையும் அசைவூட்டக் கலைஞர்களே முதன்மையாக இருந்தனர். பின்னணி அவர்களுக்குத் துணை செய்தது. இப்போது பின்னணிக்கு ஏற்றபடி பாத்திரங்களின் கோடுகள் மாற வேண்டியிருந்தது. நுணுக்கம் மிகுந்த பின்னணி பாத்திரங்களை விழுங்கிவிடுகிறது என்று பலர் குறை கூறினர். படம் முடியும் முன்பே, 1958 இல், எர்ல் நிறுவனத்தை விட்டு விலகினார்.

அரோராவையும் மலேஃபிசென்டையும் மார்க் டேவிசு வரைந்தார். ஒருவரே கதாநாயகியையும் எதிரியையும் வரைந்தது குறிப்பிடத்தக்கது. கொம்புத் தலையணியும், நீண்டு விரியும் கருப்பு அங்கியும் கொண்ட மலேஃபிசென்ட் பிற பாத்திரங்களைத் தொடாமல், தனித்து நின்று பேசும் பாத்திரம். அத்தகைய பாத்திரத்திற்கு உயிர் கொடுப்பது கடினம் என்பதால், அவள் தோளில் ஒரு காக்கை அமர்த்தப்பட்டது. இளவரசன் பிலிப்பை மில்ட் கால் வரைந்தார். அசைவுகள் இயல்பாக இருக்க, நடிகர்களை வைத்து முதலில் நேரடிக் காட்சிகளைப் படம்பிடித்து, அவற்றைப் பார்த்து வரைந்தனர். அரோராவுக்கு எலீன் இசுடான்லி அவ்வாறு நடித்தார்.

அகன்ற திரை

தொலைக்காட்சி பரவியதால் அமெரிக்கத் திரையரங்குகள் பார்வையாளரை இழந்து வந்த காலம் அது. வீட்டுப் பெட்டியில் காண முடியாததைக் காட்டவேண்டும் என்பதற்காகத் திரைகள் அகன்றன. டிஸ்னி 1955 இல் லேடி அண்ட் தி டிராம்ப் படத்தை சினிமாசுகோப் முறையில் வெளியிட்டிருந்தது. ஸ்லீப்பிங் பியூட்டி அதற்கும் மேலே சென்று, சூப்பர் டெக்னிராமா 70 முறையைப் பயன்படுத்தியது. இம்முறையில் 35 மில்லிமீட்டர் படச்சுருள் படக்கருவிக்குள் கிடைமட்டமாக ஓடும். ஒவ்வொரு சட்டகமும் வழக்கமான அளவைப்போல் இருமடங்கு பரப்பைப் பெறும். அதிலிருந்து 70 மில்லிமீட்டர் பிரதி எடுக்கப்படும். 70 மில்லிமீட்டரில் திரையிடப்பட்ட முதல் முழுநீள அசைவூட்டப் படம் இதுவே.

இதனால் செலவு மேலும் கூடியது. அகன்ற சட்டகத்தை நிரப்பப் பெரிய ஓவியங்கள் தேவைப்பட்டன. பெரிய திரையில் சிறு பிழையும் தெரியும் என்பதால், கோடுகளைச் சுத்தப்படுத்தும் வேலை மிக மெதுவாகச் சென்றது. பென்சில் ஓவியங்களை ஒளிபுகும் தாள்களில் மையால் நகலெடுக்கும் பணியை மைப்பிரிவில் இருந்த பெண்கள் கையாலேயே செய்தனர். அவ்வாறு முழுவதும் கையால் மையிட்ட கடைசி டிஸ்னி தேவதைக் கதைப் படம் இது.

இசை

புதிய பாடல்களை எழுதாமல் சைக்கோவ்சுக்கியின் பாலே இசையையே அடிப்படையாகக் கொள்வது என முடிவாயிற்று. சார்ச் புருன்சு அதைப் படத்திற்கு ஏற்பத் தழுவினார். பாலேயின் முதல் அங்கத்தில் வரும் மலர்மாலை வால்ட்சு இசைக்குச் சொற்கள் சேர்க்கப்பட்டு, காட்டில் அரோராவும் பிலிப்பும் பாடும் "ஒன்சு அப்பான் எ டிரீம்" பாடல் பிறந்தது. பாலேயில் காலணி அணிந்த பூனைக்காக எழுதப்பட்ட இசை, இங்கே இளவரசியைச் சூழ்ச்சிக்கு அழைத்துச் செல்லும் காட்சியில் அச்சமூட்டும் இசையாக மாறியது. இசைப்பதிவு செருமனியில் பல்தடம் கொண்ட ஒலிமுறையில் செய்யப்பட்டது.

அரோராவுக்குக் குரல் கொடுத்த மேரி கோசுடா பின்னர் புகழ்பெற்ற ஓபெரா பாடகியாகி, 1964 இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபெராவில் அறிமுகமானார். மலேஃபிசென்டின் குரல் எலினோர் ஆட்லியுடையது. சின்ட்ரெல்லாவின் மாற்றாந்தாய்க்கும் அவரே குரல் கொடுத்திருந்தார். தழுவல் இசைக்காக இப்படம் ஆசுக்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விருது போர்கி அண்ட் பெசு படத்திற்குச் சென்றது.

வெளியீடும் தோல்வியும்

1959 சனவரி 29 அன்று லாசு ஏஞ்சலசின் பாக்சு வில்சையர் அரங்கில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைப் பற்றிய ஒரு குறும்படமும் இதனுடன் காட்டப்பட்டது. அக்குறும்படம் ஆசுக்கார் விருது பெற்றது.

விமர்சகர்களின் கருத்து பிரிந்து நின்றது. ஓவியத்தின் நேர்த்தியைப் பலர் ஒப்புக்கொண்டாலும், கதையில் உயிரோட்டம் குறைவு என்றனர். 1937 இன் சுனோ ஒயிட் படத்தின் இளவரசி, தீயவள், உறக்கம், முத்தம் ஆகியவை அப்படியே திரும்ப வருகின்றன என்ற குறையும் எழுந்தது. இறுதியில் வரும் டிராகன் சண்டை சிறுவர்களுக்கு அச்சமூட்டும் என்றும் கூறப்பட்டது.

இங்கே "தோல்வி" என்ற சொல்லைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். திரையரங்குகள் காலியாக இருக்கவில்லை. முதல் வெளியீட்டில் அமெரிக்கா, கனடா அரங்குகளிலிருந்து விநியோகப் பங்காக சுமார் 53 இலட்சம் டாலர் வந்தது. அந்நாளில் அது சிறிய தொகை அன்று. ஆனால் தயாரிப்புக்கே 60 இலட்சம் செலவாகியிருந்தது. பிரதிகள், விளம்பரம் ஆகியவற்றின் செலவு அதற்கு மேல். பத்து இலட்சம் டாலர் வசூலித்தாலே இலாபம் தரக்கூடிய சிறு படங்களைப் போல இதற்கு வசதி இல்லை. அதே 1959 இல் டிஸ்னி நிறுவனம் மிகக் குறைந்த செலவில், கருப்பு வெள்ளையில், நடிகர்களை வைத்து எடுத்த தி சேகி டாக் என்ற நகைச்சுவைப் படம் இதைவிட அதிகமாக ஈட்டியது. எட்டு ஆண்டு உழைப்பை நாயாக மாறும் சிறுவனின் கதை முந்திவிட்டது. இதிலிருந்து நிறுவனத்தின் கணக்கர்கள் பெற்ற பாடம் எளிதானது.

1960 ஆம் நிதியாண்டில் டிஸ்னி நிறுவனம் பத்தாண்டுகளில் முதன்முறையாக நட்டம் காட்டியது. இப்படத்தின் செலவும், அந்த ஆண்டின் வேறு பல படங்கள் எதிர்பார்த்தபடி ஓடாததும் சேர்ந்தே இந்நட்டத்தை உண்டாக்கின.

விளைவுகள்

தோல்வியின் சுமை அசைவூட்டப் பிரிவின் மீது விழுந்தது. பலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். அசைவூட்டப் படங்களை எடுப்பதையே நிறுத்திவிடலாமா என்ற பேச்சும் நிறுவனத்தில் எழுந்தது. பிரிவைக் காப்பாற்றியது ஒரு நகலெடுக்கும் இயந்திரம். அப் ஐவர்க்சு செராக்சு முறையை அசைவூட்டத்திற்கு ஏற்ப மாற்றியமைத்திருந்தார். பென்சில் கோடுகளை அப்படியே ஒளிபுகும் தாளுக்கு மாற்ற இது உதவியது. கையால் மையிட வேண்டிய தேவை இல்லாமல் போனது. 1961 இல் வந்த ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஒன் டால்மேசியன்சு முழுவதும் இம்முறையில் எடுக்கப்பட்டது. மிகக் குறைந்த செலவில் முடிந்த அப்படம் பெரும் வெற்றி பெற்றது.

இதன் மறுபக்கமும் உண்டு. பல ஆண்டுப் பயிற்சியால் கைவரப்பெற்ற மெல்லிய வண்ணக் கோடுகள் மறைந்து, கரடுமுரடான கருப்புக் கோடுகள் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு டிஸ்னி படங்களின் அடையாளமாயின. மைப்பிரிவில் இருந்த பெண்களின் கைத்திறனுக்கு வேலை குறைந்தது. பழைய தேவதைக் கதையின் இளவரசியை மையமாகக் கொண்ட அசைவூட்டப் படத்தை டிஸ்னி மீண்டும் எடுக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1989 இல் தி லிட்டில் மெர்மெய்ட் வந்தது. சூப்பர் டெக்னிராமா 70 முறையை டிஸ்னி அசைவூட்டம் மீண்டும் தொட்டது 1985 இன் தி பிளாக் கால்ட்ரன் படத்தில்தான். அதுவும் தோல்வியே.

வால்ட் டிஸ்னி 1966 திசம்பரில் காலமானார். தாம் மிகுந்த செலவில் எடுத்த இந்தப் படம் மக்களால் ஏற்கப்பட்டதை அவர் காணவில்லை.

மறுவெளியீடுகளும் புதிய பார்வையாளரும்

டிஸ்னி நிறுவனத்துக்கு ஒரு பழைய வழக்கம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய அசைவூட்டப் படங்களை மீண்டும் திரையரங்குகளில் வெளியிடுவார்கள். அதற்குள் புதிய தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்திருப்பர்; அவர்களுக்கு அது புதிய படமே. இவ்வகையில் ஸ்லீப்பிங் பியூட்டி 1970, 1979, 1986, 1995 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் திரைக்கு வந்தது. மறுவெளியீட்டில் தயாரிப்புச் செலவு என்பது இல்லை. வருவதில் பெரும்பகுதி இலாபமே. அமெரிக்கா, கனடாவில் மட்டும் எல்லா வெளியீடுகளும் சேர்ந்து 5 கோடி டாலருக்கு மேல் வசூலாயிற்று. 1959 இல் நட்டக் கணக்கில் இருந்த படம், காலப்போக்கில் அந்த ஆண்டின் மிக அதிக வருவாய் ஈட்டிய படங்களுள் ஒன்றானது.

வீட்டு ஒளிநாடா 1986 இல் வெளிவந்தது. ஆனால் சதுரத் தொலைக்காட்சிக்காகப் படத்தின் இருபக்கமும் வெட்டப்பட்டதால், எர்லின் காட்டில் பெரும்பகுதி காணாமல் போனது. 2008 இல் ப்ளூ ரே வட்டில் முழு அகலத்துடன் மீட்டெடுக்கப்பட்ட பிரதி வந்தபோதுதான், வீட்டில் இருந்தவர்கள் அந்த ஓவியத்தை முழுமையாகக் கண்டனர். அதே ஆண்டில் டிஸ்னிலாந்துக் கோட்டையின் காட்சிப் பெட்டிகளும் எர்லின் நடையில் மீண்டும் அமைக்கப்பட்டன.

சப்பானில் மறந்துபோன ஓவியங்கள்

1960 இல் சப்பானில் இப்படம் வெளியானதை ஒட்டி, டிஸ்னி நிறுவனம் தன் மூல ஓவியங்களை அங்கே கண்காட்சியாக அனுப்பியது. அவற்றுள் பல இப்படத்தைச் சேர்ந்தவை. கண்காட்சிக்குப் பின் அவை சப்பானிய அருங்காட்சியகத்திற்கு நன்கொடையாக அளிக்கப்பட்டு, அங்கிருந்து கல்விப் பயன்பாட்டிற்காகச் சிபா பல்கலைக்கழகத்துக்குச் சென்றன. அங்கே ஒரு சேமிப்பறையில் பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2000 களின் நடுப்பகுதியில் சுமார் 250 ஓவியங்கள் மீண்டும் கண்டறியப்பட்டன. 2006 இல் தோக்கியோவில் காட்சிக்கு வைக்கப்பட்டு, பின்னர் டிஸ்னி நிறுவனத்திடம் திரும்பின. நகலெடுக்கும் இயந்திரம் வருவதற்கு முந்தைய கைவேலையின் சான்றாக இவை இன்று மதிக்கப்படுகின்றன.

தாக்கம்

படம் வந்தபோது குறையாகச் சொல்லப்பட்டவையே பிற்காலத்தில் அதன் சிறப்புகளாகக் கருதப்பட்டன. பாத்திரங்களை விழுங்குகிறது என்ற பின்னணி ஓவியமே அடுத்த தலைமுறைக் கலைஞர்களுக்குப் பாடமாயிற்று. 1995 இன் போகாகான்டசு படத்தின் நேர்க்கோட்டு மரங்களில் எர்லின் சாயல் தெரியும். 1991 இன் பியூட்டி அண்ட் தி பீஸ்ட் படத்தின் இறுதி நடனத்திற்கு, இப்படத்தின் இறுதி நடன அசைவுகளே மறுபடியும் பயன்படுத்தப்பட்டன.

குழந்தைகளை அச்சுறுத்துவாள் என்று கருதப்பட்ட மலேஃபிசென்ட் இன்று இளவரசியைவிட அதிகம் அறியப்பட்டவள். 2014 இல் ஏஞ்சலினா சோலி நடிப்பில் அவளது பார்வையில் கதையைச் சொல்லும் மலேஃபிசென்ட் திரைப்படம் வெளிவந்து, உலகெங்கும் 75 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதன் தொடர்ச்சி 2019 இல் வந்தது. அதே ஆண்டு திசம்பரில், பண்பாட்டு, வரலாற்று, அழகியல் முக்கியத்துவம் வாய்ந்த படங்களைப் பாதுகாக்கும் தேசியத் திரைப்படப் பதிவேட்டில், முதல் வெளியீட்டுக்கு அறுபது ஆண்டுகள் கழித்து, ஸ்லீப்பிங் பியூட்டி இடம்பெற்றது.